காவல்காரனுக்குப் படியளப்பது யார்?

இன்டர்நெட் விளம்பரங்களைத் தடுக்கும் சாஃப்ட்வேர் இலவசமாகவும் கிடைக்கிறது, கட்டணத்துக்கும் கிடைக்கிறது. பணம் கொடுப்பவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது என்ன?

ரயில் டிக்கெட் உறுதியாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள மொபைல் போனில் ஏதோ ஒரு வெப்சைட்டைத் திறக்கிறார் ஒரு பயணி. பத்து இலக்க பிஎன்ஆர் எண்ணைப் பதிவு செய்யும் கட்டத்துக்கு மேலே தனிநபர் கடன் விளம்பரம். கீழே முடி உதிர்வதை நிறுத்தும் தைலம். திடீரென்று திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு ஒரு வீடியோ. அதை மூடுவதற்கான பெருக்கல் குறி கடுகளவு. விரல் சற்றே நழுவினால் கூப்பிடாத கடைக்குள் போய் நிற்க வேண்டியதுதான்.

இந்த எரிச்சலே இன்று ஒரு சந்தையாகியிருக்கிறது. விளம்பரங்களைத் தடுப்பதாகச் சொல்லும் சாஃப்ட்வேர்கள் டஜன் கணக்கில் வந்துவிட்டன. சில முற்றிலும் இலவசம். சிலவற்றுக்கு ஆண்டுச் சந்தா. இன்னும் சிலவற்றில் ஒரே தடவை பணம் கட்டினால் ‘ஆயுள் சந்தா’. காசு கொடுத்து வாங்கினால் வேலை சுத்தமாக இருக்கும், ஓசியில் வருவதில் ஏதோ சூது இருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. இந்தச் சந்தையின் இருபது ஆண்டு வரலாறு அந்த நம்பிக்கையை அவ்வளவாக ஆதரிக்கவில்லை.

பணயம் வைக்கப்படுவது சில நூறு ரூபாய் மட்டுமல்ல. பிரௌசரில் சேர்க்கப்படும் ஒரு விளம்பரத் தடுப்பான் பொதுவாகக் கேட்கும் அனுமதி என்ன தெரியுமா? திறக்கப்படும் எல்லா வெப்சைட்டுகளிலும் உள்ள எல்லாத் தகவல்களையும் படிக்கவும் மாற்றவும் உரிமை. அதில் மின்னஞ்சலும் அடங்கும், வங்கிக் கணக்கும் அடங்கும். வீட்டின் எல்லா அறைச் சாவிகளையும் காவல்காரனிடம் கொடுப்பதற்குச் சமம் இது. அவனுக்கு எவ்வளவு சம்பளம் என்பதைவிட, அவனுக்குப் படியளப்பது யார் என்பதே முக்கியமான கேள்வி.

பட்டியல் ஒன்று, பெயர் பல

விளம்பரத் தடுப்பான் வேலை செய்யும் விதம் எளிது. எந்தெந்த முகவரிகளிலிருந்து விளம்பரங்கள் வருகின்றன, ஒரு பக்கத்தின் எந்தக் கட்டத்தில் அவை உட்காருகின்றன என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். பக்கம் திறக்கப்படும்போது பிரௌசர் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிடப்படும். பட்டியலில் உள்ள முகவரி என்றால் கோரிக்கை வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். விளம்பரம் டவுன்லோட் ஆவதே இல்லை என்பதால் பக்கம் விரைவில் திறக்கிறது, டேட்டாவும் மிச்சமாகிறது.

ஆக, தடுப்பானின் உயிர் பட்டியலில்தான் இருக்கிறது. அவற்றில் மிகவும் புகழ்பெற்றது ‘ஈஸிலிஸ்ட்’. ரிக் பெட்னெல் என்பவர் 2005-ல் தொடங்கியது. 2009-ல் அவர் இறந்த பிறகு தன்னார்வலர்கள் பேணி வருகிறார்கள். யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். இலவசமான யூபிளாக் ஆரிஜின், பிரேவ் பிரௌசர், கட்டணம் வாங்கும் அட்கார்ட் என்று பலவும் இந்தப் பட்டியலை அடித்தளமாகக் கொண்டவைதான். இவை தங்கள் சொந்தப் பட்டியல்களையும் மேலே சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் அஸ்திவாரம் ஒன்றே.

இந்தியர்களுக்கு இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஈஸிலிஸ்ட் பெரும்பாலும் ஆங்கில வெப்சைட்டுகளுக்கானது. இந்திய மொழி வெப்சைட்டுகளுக்கென்று ‘இந்தியன்லிஸ்ட்’ என்ற துணைப்பட்டியல் இருக்கிறது. தமிழும் அதில் சேர்த்தி. அதுவும் இலவசமே. தமிழ்ச் செய்தி வெப்சைட்டுகளில் மட்டும் விளம்பரம் நழுவி வருகிறது என்று நினைத்து கட்டணச் சந்தாவுக்குப் பாய்வதற்கு முன், செட்டிங்ஸில் இந்தப் பட்டியலுக்கு டிக் அடித்துப் பார்க்கலாம்.

தன்னார்வலர்களின் உழைப்பு எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பது 2022-ல் வெளிப்பட்டது. குறையுள்ள ஒரு ஆண்ட்ராய்டு பிரௌசர், திறக்கப்படும் ஒவ்வொரு தடவையும் ஈஸிலிஸ்ட்டைப் புதிதாக டவுன்லோட் செய்யத் தொடங்கியது. அதைப் பின்பற்றி வந்த பிரௌசர்களும் அதையே செய்தன. பட்டியல் வைக்கப்பட்டிருந்த சர்வர் அந்தச் சுமையில் திணறியது. சம்பளம் வாங்காத சிலரின் வேலை நின்றால், பணம் வாங்கும் நிறுவனங்களின் சரக்கும் ஆட்டம் காணும் என்பதை அந்தச் சம்பவம் உணர்த்தியது.

வேலியும் பயிரும்

டென்மார்க் மாணவர் ஹென்ரிக் ஆஸ்டட் சோரன்சன் 2002-ல் எழுதிய ‘அட்பிளாக்’ இந்த வகை சாஃப்ட்வேருக்கு முன்னோடி. அதை அடியொற்றி 2006-ல் விளாடிமிர் பாலன்ட் உருவாக்கிய ‘அட்பிளாக் பிளஸ்’ உலகெங்கும் பரவியது. பிறகு ஜெர்மனியின் கொலோன் நகரில் அதற்கென ஒரு நிறுவனம் அமைந்தது. தமிழ்க் காதுக்கு வேடிக்கையாக ஒலிக்கும் அதன் பெயர் ‘ஐயோ’.

2011 டிசம்பரில் ஐயோ ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. கண்ணை உறுத்தாத, சத்தம் போடாத விளம்பரங்கள் ‘ஏற்கத்தக்கவை’ எனக் கருதப்பட்டு உள்ளே விடப்படும். சிறிய வெப்சைட்டுகளுக்கு இது இலவசம். இதனால் பெருமளவு பயனடையும் பெரிய நிறுவனங்கள், தடை நீங்கியதால் கிடைத்த கூடுதல் வருவாயில் பொதுவாக 30 சதவீதத்தைக் கட்டணமாகத் தர வேண்டும். கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசான் ஆகியவை பணம் கட்டுவதாக 2015-ல் செய்திகள் வெளியாயின. செட்டிங்ஸில் ஒரு டிக்கை எடுத்துவிட்டால் பயனாளர் இந்த விளம்பரங்களையும் நிறுத்திவிடலாம். ஆனால் செட்டிங்ஸ் பக்கம் எட்டிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

இதற்கு நேர் எதிரான உதாரணம் கனடாவின் ரேமண்ட் ஹில். 2014-ல் அவர் வெளியிட்ட ‘யூபிளாக்’ வேகத்தாலும் சிக்கனத்தாலும் பேர் வாங்கியது. அடுத்த ஆண்டு பராமரிப்புப் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்தார். அவர் நன்கொடை வசூலிக்கத் தொடங்கினார். அதன் போக்கு பிடிக்காமல் போகவே ஹில் தன் பிரதியை ‘யூபிளாக் ஆரிஜின்’ என்ற பெயரில் தனியாகத் தொடர்ந்தார். பழைய யூபிளாக் 2018-ல் கைமாறியது. 2019-ல் ஏற்கத்தக்க விளம்பரங்களுக்குக் கதவைத் திறந்தது. ஹில்லோ இன்றுவரை நன்கொடைகூட வாங்குவதில்லை. கொடுக்க விரும்புபவர்கள் பட்டியல்களைப் பேணுபவர்களுக்குக் கொடுக்கட்டும் என்பது அவர் நிலை. பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். குணத்தில் இரண்டும் வேறு.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே பார்த்தே ஆக வேண்டும். 2017-ல் அட்பிளாக் பிளஸ் பெயரிலேயே கூகுளின் குரோம் ஸ்டோருக்குள் நுழைந்த போலியை 37,000-க்கும் மேற்பட்டவர்கள் டவுன்லோட் செய்திருந்தார்கள். 2019-ல் புகழ்பெற்ற பெயர்களை அப்படியே சூட்டிக்கொண்டிருந்த இரண்டு போலிகளை கூகுள் நீக்கியது. அவற்றுக்கு 16 லட்சம் பயனாளர்கள் இருந்தார்கள். 2020-ல் நடந்தது இன்னும் மோசம். ‘நானோ அட்பிளாக்கர்’, ‘நானோ டிஃபெண்டர்’ இரண்டும் உண்மையான, நல்ல பெயருள்ள இலவசத் தடுப்பான்கள். அவற்றை எழுதியவர் விற்றுவிட்டார். வாங்கியவர்கள் சேர்த்த புதிய நிரல் பயனாளர்களின் தகவல்களை வெளியே அனுப்பத் தொடங்கியது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரௌசர்களில் அவை ஏற்கெனவே குடியேறியிருந்தன. வேலியே பயிரை மேய்ந்த கதை.

இந்தியாவுக்கும் இப்படி ஒரு அனுபவம் உண்டு. பேஜ்ஃபேர் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, மொபைலில் விளம்பரம் தடுக்கும் பிரௌசர்களைப் பயன்படுத்திய இந்தியர்கள் 12.2 கோடிப் பேர். சீனாவுக்கு அடுத்த இடம். ஜியோ வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தில் டேட்டாவின் ஒவ்வொரு துளிக்கும் விலை இருந்தது. தடுப்பான் அதை மிச்சப்படுத்தியது. அன்று பரவலாக இருந்த யூசி பிரௌசர் சீனாவின் அலிபாபாவுக்குச் சொந்தம். 2020 ஜூனில் பாதுகாப்புக் காரணங்களைச் சொல்லி மத்திய அரசு தடைசெய்த 59 சீன ஆப்களில் அதுவும் ஒன்று.

காசு கொடுத்தால் மட்டும்?

அப்படியானால் பணம் கொடுப்பது பாதுகாப்பானதா? 2015 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனில் விளம்பரத் தடுப்பான்களை முதன்முதலாக அனுமதித்தபோது நடந்தவை இதற்குப் பதில் சொல்கின்றன. 99 சென்ட் விலையில் வந்த ‘கிரிஸ்டல்’ சூடாக விற்றது. சில நாட்களுக்குள், ஐயோவிடம் பணம் பெற்றுக்கொண்டு ஏற்கத்தக்க விளம்பரங்களை உள்ளே விட அதன் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டார். விளம்பரம் வேண்டாம் என்று பணம் கொடுத்தவர்களிடமும் வரவு, விளம்பரத்தை விடுவதற்கும் வரவு.

அதே வாரத்தில் 2.99 டாலர் விலையில் வெளியான ‘பீஸ்’ அமெரிக்காவின் கட்டண ஆப்களில் முதலிடம் பிடித்தது. அதை எழுதிய மார்கோ ஆர்மென்ட் இரண்டே நாட்களில் அதைத் திரும்பப் பெற்றார். பாதிக்கப்படத் தேவையில்லாத சிறு வெப்சைட்டுகளும் இதனால் அடிபடுகின்றன என்பது அவர் மனசாட்சியை உறுத்தியதாம். பணம் கொடுத்தவர்களுக்கு அது திரும்பக் கிடைத்தது, தடுப்பான் கிடைக்கவில்லை.

இலவசத்தில் யோக்கியமும் உண்டு, மோசடியும் உண்டு. கட்டணத்திலும் அப்படியே. விலைச்சீட்டு எதையும் காட்டிக்கொடுப்பதில்லை.

பணம் எதை வாங்குகிறது?

கட்டணத் தடுப்பான்களில் உண்மையான வித்தியாசம் ஒன்று உண்டு. அது தடுக்கும் திறமையில் இல்லை, தடுக்கும் இடத்தில் இருக்கிறது. இலவசத் தடுப்பான் பொதுவாக பிரௌசருக்குள் மட்டும் உட்கார்ந்திருக்கும். அட்கார்ட் போன்றவற்றின் கட்டணப் பதிப்பு கம்ப்யூட்டரின் அல்லது போனின் வாசலிலேயே உட்கார்ந்து, எல்லா பிரௌசர்களுக்கும் ஆப்களுக்கும் வந்து போகும் போக்குவரத்தைச் சோதிக்கிறது. மொபைல் விளையாட்டு ஆப்பில் நிமிடத்துக்கு ஒரு தடவை குறுக்கே பாயும் விளம்பரத்தை பிரௌசருக்குள் இருக்கும் தடுப்பான் தொடவே முடியாது. இதனால் முடியும்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. ஆப்பின் சர்வரிலிருந்தே உள்ளடக்கத்தோடு சேர்ந்து வரும் விளம்பரத்தைப் பிரித்தெடுப்பது கடினம். மேலும், 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், பயனாளர் தாமாக நிறுவும் பாதுகாப்புச் சான்றிதழைப் பெரும்பாலான ஆப்கள் ஏற்பதில்லை. ஆகவே மறையாக்கம் செய்யப்பட்ட போக்குவரத்துக்குள் தடுப்பான் எட்டிப் பார்ப்பது இயலாது. யூட்யூப் ஆப்பில் விளம்பரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கம்ப்யூட்டரில் அந்தச் சான்றிதழை நிறுவ முடியும். அங்கேதான் யோசிக்க வேண்டும். வங்கியோடு நடக்கும் ரகசிய உரையாடலைக்கூடப் பிரித்துப் படித்து மறுபடி ஒட்டும் சக்தியை அது கொடுக்கிறது. 2015-ல் லெனோவோ லேப்டாப்களில் முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்த ‘சூப்பர்ஃபிஷ்’ விளம்பர சாஃப்ட்வேர் இதே முறையைக் கையாண்டு பெரிய ஓட்டையை ஏற்படுத்தியது. எல்லா லேப்டாப்களிலும் ஒரே சாவி! நம்பத் தகுந்த நிறுவனம் என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய இந்த அதிகாரத்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மற்ற ஆப்களின் விளம்பரத்தில் குறுக்கிடும் ஆப்களை கூகுள் தன் பிளே ஸ்டோரில் அனுமதிப்பதில்லை. அதனால் அட்கார்டின் முழுமையான ஆண்ட்ராய்டு பதிப்பை அந்த நிறுவனத்தின் வெப்சைட்டிலிருந்தே இறக்க வேண்டும். யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ‘கிராக்’ செய்யப்பட்ட பிரதியை நிறுவுவது, திருடனைக் கூப்பிட்டுக் காவல் வைப்பதற்கு ஒப்பானது.

இதே வேலையில் பெரும்பகுதியைச் செலவில்லாமல் முடிக்க ஒரு வழி உண்டு. இன்டர்நெட்டின் டெலிபோன் டைரக்டரி என்று சொல்லத்தக்கது டிஎன்எஸ். வெப்சைட்டின் பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும். விளம்பர முகவரி கேட்கப்படும்போது ‘அப்படி யாரும் இல்லை’ என்று கைவிரிக்கும் டைரக்டரியைப் பயன்படுத்தினால் போதும். 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் செட்டிங்ஸில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற கட்டம் இருக்கிறது. அட்கார்டே நடத்தும் இலவச டிஎன்எஸ் முகவரியை அதில் பதிவுசெய்தால் பல ஆப்களின் விளம்பரம் நின்றுபோகும். எந்த ஆப்பும் நிறுவ வேண்டாம். ‘நெக்ஸ்ட் டிஎன்எஸ்’ சேவையில் மாதம் 3 லட்சம் கோரிக்கைகள் வரை இலவசம். வீடு முழுவதற்கும் வேண்டுமானால் ராஸ்பெரி பை என்ற சின்னஞ்சிறு கம்ப்யூட்டரில் ‘பை-ஹோல்’ என்ற இலவச சாஃப்ட்வேரை ஓட்டலாம். டிவி உள்பட எல்லாக் கருவிகளுக்கும் காவல் கிடைக்கும். டிஎன்எஸ் முறையில் வெற்றுக் கட்டங்கள் பக்கத்தில் அப்படியே நிற்கும். யூட்யூப் விளம்பரத்துக்கு இதுவும் உதவாது.

கூகுள் வைத்த செக்

கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 2024-ம் ஆண்டு வருவாய் சுமார் 35,000 கோடி டாலர். அதில் 26,000 கோடிக்கும் மேல் விளம்பரத்திலிருந்து வந்தது. அதே கூகுள்தான் உலகின் முதன்மையான பிரௌசரான குரோமின் உரிமையாளர். பிரௌசரில் சேர்க்கப்படும் சாஃப்ட்வேர்களுக்கான விதிகளை அது மாற்றியமைத்தது. பாதுகாப்பும் வேகமும்தான் நோக்கம் என்றது. 2024-ல் தொடங்கிய மாற்றம் 2025-ல் முழுமையடைந்தபோது யூபிளாக் ஆரிஜின் குரோமில் வேலை செய்வது நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக ‘லைட்’ என்ற பதிப்பை ஹில் கொடுத்திருக்கிறார். அதுவும் இலவசம், பெரும்பாலான விளம்பரங்களைத் தடுக்கிறது, ஆனால் பழையதன் முழு வீச்சு அதற்கு இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் பழைய யூபிளாக் ஆரிஜின் முழு பலத்தோடு ஓடுகிறது, ஆண்ட்ராய்டு போன் உள்பட.

கட்டண விளம்பரங்கள் சொல்லாமல் விடும் உண்மை இது: குரோமின் புதிய விதி எல்லாருக்கும் பொது. குரோமுக்குள் உட்காரும் தடுப்பானுக்கு எவ்வளவு கட்டணம் கொடுத்தாலும் அதே வேலிக்குள்தான் அதுவும் மேய வேண்டும். பிரௌசரை மாற்றினால் காசில்லாமல் கிடைப்பது, மாற்றாமல் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

பணம் போக வேண்டிய இடம்

பெரும்பாலான இந்தியர்களை வாட்டுவது யூட்யூப் விளம்பரம்தான். 2023-ல் அந்த நிறுவனம் தடுப்பான்களுக்கு எதிராக முழு மூச்சில் இறங்கியது; தடுப்பானை அணைக்காதவர்களுக்கு வீடியோ ஓடாது என்று எச்சரித்தது. அன்றிலிருந்து திருடன்–போலீஸ் ஆட்டம்தான். இன்று தடுக்கும் சாஃப்ட்வேர் நாளை தோற்கும், மறுநாள் ஜெயிக்கும். கட்டணத் தடுப்பானும் இதே ஆட்டத்தில்தான் இருக்கிறது. 2019-ல் மாதம் ரூ. 129-க்கு இந்தியாவில் அறிமுகமான யூட்யூப் பிரீமியம் சந்தா 2024 ஆகஸ்டில் ரூ. 149 ஆனது. யூட்யூப் ஒன்றுக்காக மட்டும் தடுப்பானுக்குப் பணம் கொடுக்க நினைப்பவர் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நல்லது. இதில் ஒரு பங்கு வீடியோ எடுத்தவருக்கும் போகிறது. தடுப்பானுக்குக் கொடுக்கும் பணத்தில் அவருக்குச் சல்லிக்காசு கிடையாது.

விளம்பரத்தைத் தடுப்பதே நியாயமா என்ற வாதம் ஓயவில்லை. பத்திரிகைகளின் வெப்சைட்டுகள் விளம்பரத்தை நம்பித்தான் பிழைக்கின்றன. ஜெர்மனியின் ஆக்ஸல் ஸ்பிரிங்கர் பதிப்பகம் ஐயோ மீது தொடுத்த வழக்கில், விளம்பரத்தைத் தடுப்பது சட்டவிரோதம் அல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மறுபுறம், அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் மக்களுக்கு விடுத்த எச்சரிக்கையில், இன்டர்நெட்டில் தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துமாறு ஆலோசனை சொன்னது. பிரபல நிறுவனங்களின் பெயரில் மோசடிக்காரர்கள் விளம்பரம் கொடுத்து ஆட்களை வளைப்பதே காரணம். விரும்பிப் படிக்கும் வெப்சைட்டுகளுக்கு மட்டும் தடுப்பானை அணைத்துவைக்கும் வசதி எல்லா நல்ல தடுப்பான்களிலும் இருக்கிறது. நடுநிலையான வழி அதுதான்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் கணக்கு இப்படி வருகிறது. கம்ப்யூட்டரிலோ போனிலோ பிரௌசர் மட்டும் பயன்படுத்துபவருக்குப் பணம் செலவழிக்கக் காரணமே இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின், குரோமில் அதன் லைட் பதிப்பு போதும். ஆப் விளம்பரங்கள் தொல்லை என்றால் முதலில் இலவச டிஎன்எஸ். அதுவும் போதவில்லை, செட்டிங்ஸைக் குடைந்துகொண்டிருக்கவும் பொறுமையில்லை, வீட்டில் ஐந்தாறு கருவிகள் இருக்கின்றன, கோளாறு வந்தால் கேட்க ஆள் வேண்டும் என்பவருக்குக் கட்டணத் தடுப்பான் பொருந்தும். அவர் வாங்குவது சௌகரியத்தை. அதற்கு விலை கொடுப்பதில் தவறில்லை.

வாங்குபவர் ‘முதல் ஆண்டு சலுகை விலை’ என்ற வரிக்குக் கீழே உள்ள சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு விலை அங்கே இருக்கும்; புதுப்பிப்பும் பெரும்பாலும் தானாகவே நடக்கும். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்திய விதிப்படி, கார்டிலிருந்து இப்படித் தானாகப் பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பு வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். விரும்பினால் அவர் ரத்து செய்யலாம். யோசித்துப் பார்க்க அந்த ஒரு நாள் தாராளமாகப் போதும்.